காற்றில் வந்த கொழும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் ஆன்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கே, கடலைப் பார்த்து நின்றன. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் பனங்காடுமாகக் கிடந்த ஊர் அது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். ஆனால் அந்த நிலையத்தின் அலை எங்கள் மாவட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு முதலில் கிடைத்த படம் 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் தொடங்கப்பட்ட ரூபவாஹினியின் படம். சொந்த மாநிலத்தின் தலைநகர் முகம் காட்டாத காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த நாடு ஒரு பைசா கேட்காமல் தினமும் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்து போனது.

இது எங்களுக்கு அவ்வளவு புதுமையாகவும் இல்லை. அதற்கு முன்பே இலங்கை வானொலி எங்கள் வீடுகளில் குடியிருந்தது. காலையில் அம்மா அடுப்பு மூட்டுகிறபோதே மர்பி ரேடியோவில் கொழும்பு பேசத் தொடங்கிவிடும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை எங்கள் தெருப் பெண்கள் சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் குரலைப்போல அடையாளம் கண்டார்கள். பல வீடுகளில் யாராவது ஒருவர் கொழும்பில் கடையில் நின்றவராகவோ தோணியில் போய் வந்தவராகவோ இருந்தார். அலமாரியில் ராணி சோப்பும் கொழும்புத் தேயிலையும் இருந்தால்தான் கௌரவம் என்றிருந்த ஊர். காதால் கேட்டுக்கொண்டிருந்த கொழும்பைக் கண்ணால் பார்க்கலாம் என்ற செய்தி வந்தபோது ஊரே பரபரத்ததில் வியப்பில்லை.

முதல் பெட்டி மேலத்தெரு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தது. தூத்துக்குடித் துறையிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணி வியாபாரத்தில் அவருக்குப் பங்கு உண்டு. மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிக்கொள்ளலாம். பெட்டியை வாங்கியது அவர் காசு. ஆனால் கம்பத்தை நட்டது தெரு. நாற்பதடி உயரத்துக்குக் குழாய்க்கு மேல் குழாயைத் திருகி, நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. உப்பளத்து ஆட்கள் வடம் கொண்டு வந்தார்கள். பாய்மரம் ஏற்றிப் பழகிய தோணிக்காரர்கள் இருவர், எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கம்பத்தை நிமிர்த்தினார்கள். நாங்கள் சின்னப் பையன்கள் முளைக்குச்சிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிந்தோம். கம்பம் நிமிர்ந்து நின்றதும் ஒருவர் குலவையிட, பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

கம்பத்தின் தலையில் ஏறிய அந்த அலுமினியக் கம்பிக் கூட்டம் எனக்குப் பெரிய அதிசயம். அதைச் செய்தவர் ரேடியோ கடை அண்ணன். கடையில் விற்கும் ஆன்டெனா நாலைந்து கம்பியோடு இருக்கும். அது பக்கத்து நிலையத்தைப் பிடிக்கத்தான் உதவும். கொழும்பைப் பிடிக்க அவர் தூத்துக்குடியில் அலுமினியக் குழாயை எடை போட்டு வாங்கி வந்து, கடைத் திண்ணையில் உட்கார்ந்து அளந்து அறுத்து, தானே செய்தார். நடுவில் மடித்த கம்பி ஒன்று. படத்தை வாங்குவது அதுதான். அதன் முதுகுக்குப் பின்னே சற்று நீளமான கம்பி ஒன்று; தப்பிப்போகும் அலையைத் திருப்பி விடுவது அதன் வேலை. முன்னே வரிசையாகக் குறைந்துகொண்டே போகும் கம்பிகள், ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் கூட்டிச் சேர்த்து நடுக்கம்பியிடம் கொடுக்கும். முன்கம்பி எத்தனை கூடுகிறதோ அவ்வளவு தூரம் எட்டும். அந்த அளவுக்குத் திசையும் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்துகொண்டே இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த வகை ஆன்டெனாவை 1926-இல் உருவாக்கி வெளியிட்டவர்கள் ஷிந்தாரோ உடா, ஹிதெத்ஸுகு யாகி என்ற ஜப்பானியர்கள் என்பதையும், ரூபவாஹினி நிலையமே ஜப்பான் அரசின் கொடையாகக் கட்டப்பட்டது என்பதையும் கல்லூரி நாட்களில் தெரிந்துகொண்டேன். அனுப்பிய கையும் வாங்கிய கையும் ஜப்பானில் பிறந்தவை. இடையில் கடல் மட்டும் எங்களுடையது.

கம்பிக்குக் கீழே பூஸ்டர் என்ற சின்னப் பெட்டி. அங்கிருந்து தட்டையான ரிப்பன் வயர் சுவரோரமாக இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே போகும். உப்புக் காற்று இவை எதையும் விட்டுவைக்காது. ஓர் ஆண்டுக்குள் திருகாணிகள் பச்சை பூத்து நிற்கும். வயரின் மேல்தோல் வெயிலில் வெடிக்கும். காக்கை உட்கார்ந்து கம்பி வளையும். ரேடியோ கடை அண்ணன் கோடை தொடங்குமுன் ஒவ்வொரு கம்பத்தையும் இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மறுபடி ஏற்றுவார். காசு கேட்காத படத்துக்கு எங்கள் ஊர் கொடுத்த உழைப்பு இது. அந்த உழைப்பை யாரும் பாரமாக நினைத்ததாக எனக்கு நினைவில்லை.

படம் வருமா வராதா என்பதைக் கடல்தான் தீர்மானித்தது. மாசி பிறந்து கடல் அடங்கினால் படம் தெளியத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்த இரவுகளில் கொழும்பு பக்கத்துத் தெரு மாதிரி வந்து நிற்கும். ஆனியில் கச்சான் காற்று எழும்பினால் கம்பம் ஆடும். கம்பத்தோடு படமும் ஆடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுக்குப் பயந்து வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். ரேடியோ கடை அண்ணன் சாயங்காலம் கடற்கரைக்குப் போய் அடிவானத்தை ஒரு பார்வை பார்ப்பார். நீர்மட்டத்தில் மெல்லிய மூட்டம் கிடந்தால், "இன்னைக்குப் படம் கண்ணாடி மாதிரி நிக்கும்லே, போய்ச் சொல்லு" என்று என்னை விரட்டுவார். நான் தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடுவேன். அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

அதன் காரணம் பின்னாளில்தான் புரிந்தது. ரூபவாஹினியின் முதன்மைக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்பட்டாலும், தொலைக்காட்சி அலை பூமியின் வளைவைத் தாண்டிச் சுமார் 200 கிலோமீட்டர்தான் நேராக எட்டும். எங்கள் ஊரோ அங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கணக்குப்படி எங்களுக்கு ஒன்றும் வந்திருக்கக் கூடாது. ஆனால் வெயில் காலத்தில் கடலை ஒட்டிய காற்று ஈரமாகவும் குளிர்ந்தும் படிந்து கிடக்கும். அதன்மேல் வறண்ட வெப்பக் காற்று மூடி நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை கீழ்நோக்கி வளைந்து, கடலின் மேலேயே தவழ்ந்து வெகுதூரம் போகும். மன்னார் வளைகுடா முழுவதும் ஒரு குழாயாகி, கொழும்பை எங்கள் கூரைக்குக் கொண்டு வந்தது. அடிவானத்து மூட்டத்தில் ரேடியோ கடை அண்ணன் படித்தது இதைத்தான். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு வானிலை விஞ்ஞானிக்குக் கொடுக்கும் மரியாதையை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆனால் அண்ணாச்சி வீட்டு முற்றம் நிறைந்துவிடும். பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கி வந்து வைப்பார்கள். அண்ணாச்சியின் மகன் மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நடுவில் ஏணியில் ஒருவன். பெட்டிக்கு முன்னே அண்ணாச்சி.

"ஏலே, இப்பம் எப்பிடி?"

"சத்தம் வருது, படம் இல்ல!"

"கொஞ்சம் கெழக்கால திருப்பு. இன்னும். போதும், போதும். வந்துட்டு, வந்துட்டு, கைய எடுத்துராத!"

கையை எடுத்தால் படம் போய்விடும் இரவுகளும் உண்டு. அப்போது பையன்கள் முறை வைத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மாடியில் நின்றவனுக்குப் படம் தெரியாது. கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும். இறங்கி வந்ததும் பார்த்தவர்கள் அவனுக்குக் கதை முழுவதும் சொல்லியாக வேண்டும். இது எழுதாத சட்டம்.

சில ஊர்களில் பெட்டி வைத்திருந்தவர்கள் தலைக்கு நாலணா வாங்கினார்கள். எங்கள் ஊரிலும் அப்படி வாங்கலாம் என்று அண்ணாச்சியின் மைத்துனர் சொன்னார். "காத்துல வாறதுக்குக் காசு வாங்கலாமாடே?" என்று ஒரே வார்த்தையில் அண்ணாச்சி முடித்துவிட்டார். அந்த வார்த்தை என் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முற்றத்தில் எல்லாரும் ஒன்றுபோல் உட்காரவில்லை. உறவுக்காரர்கள் திண்ணையை ஒட்டி, தெருக்காரர்கள் மணலில். உப்பளத்தில் வேலை பார்த்த கீழத்தெரு ஆட்கள் வாசற்கதவுக்கு வெளியே நின்றபடியே பார்த்தார்கள். கம்பத்தை இழுத்துக் கட்டியவர்கள் அவர்கள்தான். அலைக்கு மேலத்தெரு கீழத்தெரு தெரியாது, பெட்டிக்குத் தெரிந்தது. காற்று இலவசமாக இருந்தால் மட்டும் போதாது, பெட்டியும் பொதுவில் இருக்க வேண்டும் என்பது அந்த வாசற்கதவில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்கத்தான் எனக்கு வயது போதவில்லை.

என்ன பார்த்தோம் என்று கேட்டால், வந்ததையெல்லாம் பார்த்தோம். சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் சிறுவர் நேரத்தில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுத்து உருமாற்றிய கார்ட்டூன்கள் வந்தால் முற்றத்தில் மூச்சுச் சத்தம் இருக்காது. 'பிஸ்ஸு பூஸா' என்ற பூனையும் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' என்ற நல்ல மனசு வைத்தியரும் அவை அமெரிக்கப் படங்கள் என்பது தெரியாமலேயே எங்களுக்குச் சொந்தமானார்கள். அந்தப் பூனையும் வைத்தியரும் கொழும்பில்தான் இருக்கிறார்கள் என்று நம்பினோம். எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் பூஸா ஆயின. வணக்கத்துக்கு ஆயுபோவன் என்று சொல்லி ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டோம். மலிபன் பிஸ்கட் விளம்பரம் வந்தால் வாயில் எச்சில் ஊறும். அந்த பிஸ்கட்டைக் கண்ணால் பார்த்தவன் அண்ணாச்சி மகன் மட்டும்தான்.

வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் வெசாக் நாட்கள் எங்கள் கோடை விடுமுறையில் வந்தன. படம் மிகத் தெளிவாக நிற்கும் காலமும் அதுதான். கொழும்பு வீதிகளில் காகித விளக்குக் கூடுகள் தொங்கும். பெரிய தோரணப் பந்தல்களில் புத்தரின் பிறவிக் கதைகள் விளக்கு வரிசையில் எரிந்து அணையும். கறுப்பு வெள்ளையில் அவற்றின் நிறத்தை நாங்களே ஊகித்துக்கொள்வோம். திருச்செந்தூரில் விசாகத்துக்குக் கூடும் கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அதையொட்டிய பௌர்ணமியில் அக்கரையிலும் ஒரு திருவிழா நடக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிதான் சொன்னது.

எங்கள் வீட்டு ஆச்சிக்கு 'ஓஷின்' என்றால் உயிர். ஜப்பானில் 1983-இல் தொடங்கிய தொடர் அது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்படும் ஏழைக் குடியானவன் மகளின் கதை. பனி கொட்டும் ஆற்றில் தெப்பத்தில் ஏற்றி அவளை அனுப்பும்போது தகப்பன் கரையோரமாக ஓடி வருவான். பேச்சு ஒன்றும் எங்களுக்குப் புரியாது. ஆச்சியும் சின்ன வயதில் ஒரு பண்ணையார் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். ஓஷின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்தால் ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். "அந்தப் புள்ள இன்னும் சாப்பிடலல்லா" என்பாள். ஜப்பான்காரியின் பசி, கொழும்பு வழியாக, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சியிடம் வந்து சேர்ந்தது. இதற்குக் கட்டணம் வைத்திருந்தால் ஆச்சியால் கட்டியிருக்க முடியாது.

ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தியும் உண்டு. சென்னையின் தமிழ்ச் செய்தியைத் திரையில் பார்க்கும் முன்பே கொழும்பின் தமிழ்ச் செய்தியைப் பார்த்த பிள்ளைகள் நாங்கள். சாதாரண நாட்களில் அதைப் பெரியவர்கள்தான் கேட்பார்கள். 1983 ஜூலைக் கடைசி வாரத்தில் ஊரே கேட்டது. ஜூலை 24 இரவு கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது என்பது வானொலியிலும் வாய்வழியிலும் வந்து சேர்ந்திருந்தது. அங்கே அண்ணன் இருந்த வீடு, மாமன் இருந்த வீடு, கணவன் கடையில் நின்ற வீடு என்று எங்கள் தெருவிலேயே பல வீடுகள். எல்லாரும் அண்ணாச்சி முற்றத்தில் கூடினார்கள். முதன்முறையாகக் கீழத்தெரு ஆட்களும் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. கச்சான் வீசிய மாதம். படம் கோடு கோடாக ஓடியது. ஜூலை 28 அன்று ஜனாதிபதி ஜெயவர்த்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அந்த உரையில் வீடிழந்த, உயிரிழந்த தமிழருக்கு ஓர் ஆறுதல் சொல்கூட இல்லை என்பதைப் பின்னாளில் வரலாற்று நூல்களில் படித்தேன். அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு பெண், பெட்டியின் அருகே போய், புள்ளி புள்ளியாய் விழும் அந்தப் படத்தில் தன் கணவன் நின்ற கடைத்தெரு தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு பல மாதங்கள் எங்கள் ஊரில் கொழும்பைப் பொழுதுபோக்காக யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் மறுபடியும் கூடியது கிரிக்கெட்டால். 1985 செப்டம்பரில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. தோற்றது கபில்தேவின் இந்தியா. இலங்கையின் ருமேஷ் ரத்நாயக்க பந்து வீச ஓடி வருவது தெரியும், பந்து தெரியாது. மட்டையடிச் சத்தம்தான் எங்களுக்குப் பந்து. கடைசியில் கபில் அடித்ததை ருமேஷே பிடித்தபோது எங்களில் பாதிப் பேர் அழ, பாதிப் பேர் இலங்கைக் கேப்டன் துலீப் மென்டிஸுக்காகக் கை தட்டினார்கள். அதற்காக யாரும் யாரையும் தேசத்துரோகி என்று சொல்லவில்லை. இத்தனை நாள் பார்த்துப் பழகிய முகங்கள் ஜெயித்தால் கை தட்டத்தானே தோன்றும்.

எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. உப்பளத்தில் கணக்கு எழுதிய அப்பா தவணையில் வாங்கினார். அதற்கு முன்பே, 1984-இல் டெல்லி அரசு நாளுக்கொரு கோபுரம் என்ற வேகத்தில் நாடெங்கும் குறைந்த திறன் ஒளிபரப்பு நிலையங்களை நட்டது. செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கிப் பத்திருபது கிலோமீட்டருக்குப் பரப்பும் சிறு கோபுரங்கள். நகரத்தில் இருந்தவர்களுக்கு அதில் டெல்லி தெரிந்தது. எல்லாம் இந்தி. எங்கள் ஊரின் விளிம்பில் அதுவும் மங்கலாகத்தான் வந்தது. ஆக டெல்லி இந்தியில் பேசியது, சென்னை எட்டவில்லை, கொழும்புதான் எங்களிடம் தமிழிலும் பேசியது. இதை அன்று அரசியலாக யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் யாருடைய காற்று, யாருக்கான காற்று என்ற கேள்வி அந்தக் கம்பங்களின் திசையிலேயே இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் உயர்திறன் கோபுரம் எழும்பியது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர்; இடையில் பெரும்பாலும் சமவெளி. காற்றின் தயவு வேண்டாம், கடலின் தயவு வேண்டாம். ரேடியோ கடை அண்ணன் வீடு வீடாக ஏறி, தென்கிழக்கே பார்த்திருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். வடமேற்கு! கிட்டத்தட்ட முழுவதுமாக முதுகைத் திருப்பிக்கொள்வது. ஒரு வாரத்துக்குள் ஊர் ஆன்டெனாக்கள் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்தன. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம், சாயங்காலம் வயலும் வாழ்வும், நேயர் கடிதம் படிக்கும் எதிரொலி எல்லாம் வந்தன. ஞாயிறு காலையில் மகாபாரதம் வந்தபோது இந்தி தெரியாத ஆச்சி அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொன்னாள். தெருக்கூத்தில் அவள் பார்க்காத பாரதமா?

அந்தக் காலத்தில்தான் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு பெட்டி வந்தது. சின்ன அறை, முன்னால் இரும்புக் கம்பி வலை, எதிரே சிமெண்ட் மேடை. சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து பூட்டைத் திறப்பார். அங்கே திண்ணையும் இல்லை, வாசற்கதவும் இல்லை. கீழத்தெருப் பெண்கள் மேடையின் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்ததை நான் பார்த்தேன். காற்றும் இலவசம், பெட்டியும் பொது. அவை இரண்டும் சேர்ந்திருந்த காலம் எங்கள் ஊரில் மிகக் குறுகியது. நான் பார்த்த தொலைக்காட்சியின் பொற்காலம் அதுதான். நிகழ்ச்சிகளைவிட அந்தச் சிமெண்ட் மேடையே அதற்குக் காரணம்.

1990-இல் மறுபடி போர் மூண்டு, ஏதிலிகள் படகுகளில் ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். பக்கத்து முகாமிலிருந்து ஒரு பையன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவன் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கட வீட்டு அன்டெனா உங்கட பக்கம்தான் பாத்துக்கொண்டு நிண்டது" என்றான். "வெள்ளிக்கிழமையில ஒலியும் ஒளியும் பாக்க ஒழுங்கை முழுக்க எங்கட வீட்டிலதான்." நான் திகைத்துப்போனேன். நாங்கள் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கு எங்கள் பாட்டெல்லாம் தெரியும். எனக்கு அவன் நாட்டு பிஸ்கட் விளம்பரம் தெரியும். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது. கப்பல் நின்ற பிறகும் இரு கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் இருந்தன. அவர்கள் ஊரில் மின்சாரமே இல்லாமல் போன பிறகுதான் ஒரு பக்கத்துக் கண் மூடியது. இலவச அலை எனக்குத் தந்தவற்றில் பெரியது அந்த நட்பு. முகம் தெரியாமலே எங்கள் இருவர் வீடும் பல ஆண்டுகள் பழகியிருந்தன.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதற்கு முன்பே கேபிள்காரர் தெருவில் வயர் இழுத்துவிட்டிருந்தார். மாதச் சந்தா கட்டினால் புதுப்படமும் நாள் முழுக்கத் தமிழும். ஒவ்வொரு வீடாக ஆன்டெனா இறங்கியது. அலுமினியம் பேரீச்சம்பழக்காரனிடம் போனது. அப்பா கேபிள் வாங்கவில்லை. சந்தா அவரால் கட்ட முடியாத தொகையும் இல்லை. "ஊருக்கெல்லாம் பொதுவா வாறத விட்டுட்டு வயருக்குள்ள போவானேன்?" என்பார். எங்கள் வீட்டில் கொடைக்கானல் கோபுரம் இன்னும் பல ஆண்டுகள் பேசியது. சித்திரையில் காற்று ஓய்ந்த இரவுகளில் அப்பா கம்பியைத் தென்கிழக்கே திருப்புவார். ஆச்சிக்குக் கொழும்பு வேண்டும்.

2006-க்குப் பிறகு தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் பெட்டியில் பார்த்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி இலவசமாக வந்த நேரத்தில் காற்று விலைக்குப் போயிருந்தது. கேபிள் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் தூர்தர்ஷன் மட்டும்தான். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, குறைவான தொகைதான். இருந்தாலும் உப்பளத்தில் மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. அந்த மாதங்களில் முதலில் நிற்பது கேபிள்.

இப்போது கொடைக்கானலை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பினாலும் முன்போல் படம் வராது. பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷன் 2021-22 வாக்கில் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக, 2004 டிசம்பரில் தொடங்கி இப்போது ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இருக்கும் செயற்கைக்கோள் சேவை உண்டு. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. நாட்டில் கோடிக்கணக்கான வீடுகள் அதைத்தான் பார்க்கின்றன. ஆனால் அதில் பெரும்பாலும் இந்திதான். தமிழ் மிகக் குறைவு. 1984-இல் குறைந்த திறன் கோபுரங்கள் எங்களிடம் எந்த மொழியில் பேசினவோ, நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தத் தட்டும் பெரும்பாலும் அதே மொழியில் பேசுகிறது.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. காற்று யாருக்கும் சொந்தமில்லை. அதில் ஓடும் அலைவரிசை மக்களின் பொதுச்சொத்து. அதில் ஒரு பங்காவது, வேலை இல்லாத மாதத்திலும் அணையாமல், அந்தந்த மக்களின் மொழியில், ஒவ்வொரு வீட்டுக்கும் சும்மா போய்ச் சேர வேண்டும். புயல் எச்சரிக்கையும் பள்ளிப் பாடமும் செய்தியும் சந்தாவுக்குக் காத்திருக்கக் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் அலைவரிசைகள் அதிகரிக்க வேண்டும் என்று கேட்க வேண்டியது நாம்தான். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சாலை கேட்பதுபோல, தண்ணீர் கேட்பதுபோல இதையும் கேட்க வேண்டும். காற்றில் வருவதற்குக் காசு வாங்கலாமா என்று அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு ஓர் அரசும் ஒருநாள் பதில் சொல்லத்தான் வேண்டும். சரியான பதில் எது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகளும் எட்டாம் வகுப்பு படித்த ரேடியோ கடைக்காரர்களும் எங்கள் ஊரில் ஏற்கனவே காட்டிவிட்டார்கள்.